டெலிமார்க் பனிச்சறுக்கு: பிழை பின்காலில் இருக்கிறது

டெலிமார்க் பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்க்கத் தொடங்கியதுமே நம் கண் சறுக்குபவரின் முன்காலில் போய் நின்றுவிடும். மடங்கிய முழங்கால், முன்னே நீளும் பலகை, தாழ்ந்த இடுப்பு என்று பார்க்க அழகாக இருப்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் மலையில் நாமும் அப்படியே முன்காலை மடக்குகிறோம்; பின்காலை அதன் போக்கில் விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

நோர்வேயின் டெலிமார்க் மாவட்டத்தில், கௌஸ்டா மலையின் சரிவுகளில் ஆறு குளிர்காலங்களாக நான் இதைப் பழகிவருகிறேன். என்னுடைய வீடியோக்களையும் உடன் பழகுபவர்களின் வீடியோக்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பலகை விலகுவது, தொடை எரிவது, குப்புற விழுவது என்று அறிகுறிகள் பலவாக இருந்தாலும், தேடிக்கொண்டே போனால் பெரும்பாலும் பின்காலில் வந்து நிற்கிறோம். எனவே இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நேர்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்ட வேண்டாம். மற்றதெல்லாம் அவற்றின்மேல்தான் நிற்கிறது.

திருப்பம் எப்படி நடக்கிறது

ஆல்பைன் சறுக்கில், அதாவது மலைச்சரிவில் பலரும் பழகும் வழக்கமான முறையில், பூட்ஸின் முன்பக்கமும் குதிகாலும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். டெலிமார்க்கில் முன்பக்கம் மட்டும்தான் பூட்டு. குதிகால் தாராளமாக எழும்பும். இந்தச் சறுக்கின் முன்னோடி, டெலிமார்க்கின் மோர்கெடால் கிராமத்தில் பிறந்த குத்தகைக் குடியானவர் சோண்ட்ரே நோர்ஹைம், 1868இல் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், நடந்த போட்டியில் ஊரே வியக்கும்படி சறுக்கி வென்றார். மெல்லிய மரவேர்களை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிப் போட்ட கட்டுதான் அவருடைய பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் சாதனம். குதிகால் எழும்பவும் வேண்டும், பலகை காலைவிட்டு நழுவவும் கூடாது. அன்று அவருக்கிருந்த தேவைதான் இன்று நமக்கும்.

இடப்பக்கம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வலக்கால் வளைவின் வெளிப்பக்கம் இருக்கிறது. அது முன்னே போகும், பாதம் முழுவதும் பலகையில் படிந்திருக்கும். இடக்கால் வளைவின் உட்பக்கம் இருக்கிறது. அது பின்னே வரும், குதிகால் சற்று எழும்பும், எடை முன்பாதத்தில் நிற்கும். முன்பாதம் என்று நான் சொல்வது விரல் நுனியை அல்ல, விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள சதை மேட்டை. பின் முழங்கால் இடுப்புக்கு நேர்க்கீழே இருக்க வேண்டும். பின் பூட்ஸின் முனை, முன் பூட்ஸின் குதிகாலுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் போதும். எடை இரண்டு காலுக்கும் பாதிப் பாதி; கடினப் பனியில் முன்காலுக்குச் சற்றுக் கூடலாம். அடுத்த திருப்பத்தில் எல்லாம் இடம் வலமாக மாறும். இந்தக் கால் மாற்றமே டெலிமார்க்கின் உயிர்.

வீடியோ எடுப்பதும் பார்ப்பதும்

எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே பிழை தெரியும், அல்லது மறையும். சரிவில் கீழே நின்று எடுத்தால் தோள், இடுப்பு, இரண்டு பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆகியவை தெரியும். பக்கவாட்டில் நின்றால் காலிடை நீளமும், அதாவது முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள தூரமும், குதிகால் எழும்பும் உயரமும் தெரியும். பின்னால் சறுக்கி வந்துகொண்டே எடுத்தால் பின்கால் தெளிவாகத் தெரியும். அனுபவமுள்ள ஒருவர் உடன் இருந்தால் இந்த மூன்றாவது கோணத்தைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன். அப்படி யாரும் இல்லையென்றால் பக்கவாட்டுக் கோணம்.

போனைக் கிடையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றபடி மேலிருந்து எடுக்காமல், குனிந்து முழங்கால் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்தால் சரிவு தட்டையாகிவிடும், குதிகாலின் உயரமும் தெரியாது. மெதுவோட்ட வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 படம் எடுத்தால் இரண்டு நொடித் திருப்பத்துக்கு 60 படம்தான் கிடைக்கும். 240 எடுத்தால் 480 கிடைக்கும். கால் மாறும் கணம் மிகச் சிறியது. அதைப் பிடிக்க இந்த எண்ணிக்கை வேண்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், ஆகவே எடுக்காத நேரத்தில் போன் மேல்கோட்டுக்குள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

பயிற்சி வீடியோவைப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆசிரியர் கேமராவை நோக்கி இறங்கி வரும்போது அவருடைய வலக்கால் திரையில் நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. மற்ற விளையாட்டுகளில் மூளை இதை ஓரளவு சரிசெய்துகொள்ளும். டெலிமார்க்கிலோ எந்தக் கால் முன்னே என்பதே பாடம் என்பதால், பார்த்தவர் மலையில் போய்த் தவறான காலை நீட்டுகிறார். ஆசிரியரின் முதுகு தெரியும் காட்சிகளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். திருப்பிய பிறகு கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகலாம்.

முதல்முறை இயல்பான வேகத்தில் பாருங்கள், தாளம் மனதில் ஏறட்டும். இரண்டாம்முறை மெதுவாக ஓட்டி, முன்காலைக் கையால் மறைத்துக்கொண்டு பின்காலை மட்டும் பாருங்கள். கையால் மறைப்பது என்று நான் சொல்வது அப்படியே மறைப்பதைத்தான். அதைச் செய்யாவிட்டால் கண் மீண்டும் முன்காலுக்கே ஓடிவிடும்.

பின்பலகை அலைகிறது, வளைவின் நடுவில் தனியே விலகிப் போகிறது

டெலிமார்க்கில் எல்லோருக்கும் வரும் முதல் நோய் இது. இதைச் சரிசெய்தாலே மற்றவை பாதி குறைந்துவிடும் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வீடியோவை வளைவின் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். பின்காலின் பூட்ஸைப் பெரிதாக்கிப் பாருங்கள். டெலிமார்க் பூட்ஸில் விரல்களுக்கு மேலே துருத்திபோல மடிப்புகள் இருக்கும். எடை முன்பாதத்தில் இறங்கியிருந்தால் அந்த மடிப்புகள் நெருங்கி அழுந்தியிருக்கும், குதிகால் பலகையிலிருந்து கொஞ்சம்தான் எழுந்திருக்கும். எடை இறங்கவில்லை என்றால் பூட்ஸ் செங்குத்தாக நிற்கும். எட்டாத அலமாரியிலிருந்து டப்பாவை எடுக்க நுனிக்காலில் நிற்பவரைப்போல. என் மூன்றாம் குளிர்காலத்து வீடியோ ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பிப்ரவரி மாலை, எளிய சரிவைக் குறிக்கும் நீலப் பாதை, நல்ல வெளிச்சம். முன்காலைப் பார்த்தால் பாடப்புத்தகத்தில் போடலாம். பின் பூட்ஸின் அடிப்பாகம் முழுவதும் கேமராவுக்குத் தெரிகிறது. அதில் ஒட்டிய பனிகூட எண்ணிவிடும் அளவுக்குத் தெரிகிறது. அந்தக் கால் தொட்டும் தொடாமலும் பலகையின்மேல் வந்துகொண்டிருந்தது. நான் ஒற்றைக்காலில்தான் சறுக்கிக்கொண்டிருந்தேன், அது தெரியாமல்.

வீடியோ இல்லாதபோது தடம் சொல்லும். நன்றாகச் சீர்செய்த பனியில் நான்கு திருப்பம் போட்டுவிட்டு நில்லுங்கள், மேலே திரும்பிப் பாருங்கள். இரண்டு காலும் வேலை செய்திருந்தால் இரண்டு மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி வளைந்து இறங்கும். பின்கால் சும்மா வந்திருந்தால் ஒரு கோடு கத்தியால் கீறியதுபோல் இருக்கும், மற்றது துடைப்பத்தால் இழுத்ததுபோல் அகலமாகக் கலைந்திருக்கும். காற்றோ புதுப்பனியோ மூடும்வரை தடம் அப்படியே கிடக்கும், நிதானமாகப் பார்க்கலாம்.

சரிசெய்ய முதல் வேலை, குதிகாலைத் தாழ்த்துவது. பின்காலை அழுத்த வேண்டும் என்று நினைத்தால் பலரும் முழங்காலைக் கீழே தள்ளுகிறார்கள். முழங்கால் தாழத் தாழக் குதிகால் இன்னும் உயர்கிறது, எடை இன்னும் குறைகிறது. முழங்காலை மறந்துவிடுங்கள். பின் குதிகாலைப் பலகையை நோக்கி இறக்க முயலுங்கள். அது பலகையைத் தொடாது, தொடவும் வேண்டாம். ஆனால் இறக்க முயலும் அந்த முயற்சியில் எடை தானாக முன்பாதத்துக்கு வந்துவிடும். அதோடு சுண்டுவிரல் பக்கம் எடையைச் சாயுங்கள். பின்கால் வளைவின் உட்பக்கம் இருப்பதால் அதன் சுண்டுவிரல் பக்க விளிம்புதான் பனியைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது ஒரு சோதனை. மென்மையான சரிவில் குறுக்காகப் போகும்போது டெலிமார்க் நிலையில் நின்று, முன்பலகையை ஒரு விரற்கடை உயரம் தூக்கிப் பாருங்கள். எடை பின்காலில் இருந்தால் தூக்க முடியும். இல்லாவிட்டால் தூக்கும் முன்பே உடம்பு பின்னால் சரியும். ஒரு நொடி தூக்கி இறக்கினால் போதும். குறுக்கோட்டத்தில் இது கைவந்த பிறகு, மெதுவான திருப்பத்தின் கடைசிப் பகுதியில் செய்யுங்கள். நான் இன்றும் பருவத்தின் முதல் நாளில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் செய்கிறேன்.

தொடை எரிகிறது, ஐந்தாறு திருப்பத்துக்கு மேல் முடியவில்லை

உடற்பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பக்கவாட்டு வீடியோவில் இரண்டு பூட்ஸுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். பின் முழங்கால் இடுப்பைவிட்டுப் பின்னால் போயிருந்தால் காலிடை நீண்டுவிட்டது என்று பொருள். நீண்ட காலிடையில் பின்கால் எடையைத் தாங்கும் நிலையிலேயே இல்லை; முழு எடையும் முன்தொடையில் விழுகிறது. எரிவது முன்தொடை, விடுப்பில் போனது பின்கால்.

இதற்குப் பயிற்சி வீடியோக்களும் ஒரு காரணம். காட்டுவதற்காக ஆசிரியர்கள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து போகிறார்கள். புகைப்படக்காரர்களும் முழங்கால் பனியைத் தொடும் படங்களையே விரும்புகிறார்கள். அதே ஆசிரியர் மாலையில் தனக்காகச் சறுக்கும்போது பார்த்தால் எவ்வளவு நிமிர்ந்து போகிறார் என்பது தெரியும். பரதநாட்டியம் பழகியவர்களுக்கு ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: முழுமண்டி வேண்டாம், அரைமண்டி போதும். முதுகு நிமிர்ந்து, எடை இரண்டு காலுக்கும் நடுவில் இறங்கி, எந்தக் கணமும் இன்னும் தாழவோ எழவோ இடம் இருக்கும் நிலை அது.

பயிற்சி எளிது. முதல் பத்துத் திருப்பங்களை ஏறக்குறைய நின்றபடியே போடுங்கள், கால்களுக்கிடையே அரைப் பூட்ஸ் நீளம் மட்டும் வித்தியாசம் இருக்கட்டும். அடுத்த பத்தில் சற்றுத் தாழுங்கள். எந்த ஆழத்தில் பின்கால் எடையை விடுகிறதோ அதற்கு ஒரு படி மேலே உங்கள் ஆழம் இருக்கிறது. அது நாளுக்கு நாள் மாறும்.

திருப்பத்துக்குத் திருப்பம் நடுவே ஒரு தடங்கல்

இரண்டு வேறு பிழைகள் வெளியில் ஒன்றுபோலத் தெரிகின்றன. வீடியோ இல்லாமல் பிரித்தறிவது கடினம்.

முதல் வகையில், சறுக்குபவர் திரும்புவதற்கு முன்பே காலை மாற்றிவிடுகிறார். சரிவுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்போதே புதிய முன்காலை நீட்டி, அந்த நிலையில் உறைந்து, பிறகு உடம்பைத் திருகித் திருப்பத்துக்குள் போகிறார். இரண்டாம் வகையில், இரண்டு பலகையையும் இணையாக வைத்து ஆல்பைன் முறையில் திரும்பி முடித்துவிட்டு, கடைசியில் உள்காலைப் பின்னால் இழுத்து டெலிமார்க் போல நிற்கிறார். ஆல்பைனில் பல வருடம் இருந்தவர்களிடம் இது அதிகம்.

மெதுவோட்ட வீடியோவில் இரண்டு கணங்களைக் கண்டுபிடியுங்கள். ஒன்று, இரண்டு பூட்ஸும் அருகருகே சமமாக வரும் கணம். மற்றது, பலகைகள் நேர்க்கீழாக, தண்ணீர் ஊற்றினால் ஓடும் திசையில், நிற்கும் கணம். முதல் கணத்தில் பலகைகள் பனியில் தட்டையாக இருக்க வேண்டும், பழைய விளிம்பை விட்டுப் புதிய விளிம்புக்கு மாறும் நேரம் அது. பூட்ஸ் சமமாக வருவது அதற்கு வெகுநேரம் முன்னால் நடந்தால் முதல் வகை. பலகைகள் நேர்க்கீழாக நிற்கும் கணத்திலும் பூட்ஸ் சமமாகவே இருந்தால் இரண்டாம் வகை. சரியான திருப்பத்தில் கால்கள் எந்தப் படத்திலும் நிற்பதில்லை. வளைவு முழுவதும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போய், முடிவில் முழு நிலையை அடைந்து, அங்கே தங்காமல் உடனே நெருங்கத் தொடங்கும்.

இரண்டு வகைக்கும் மருந்து ஒன்றுதான்: முன்காலை நீட்டுவதை விட்டுவிடுங்கள், பின்காலை இழுங்கள். புதிய உள்காலை உங்களுக்குக் கீழேயே பின்னோக்கி உருவுங்கள். முன்கால் தானாக முன்னே தெரியும். நீட்டினால் உடம்பு பின்தங்கி, எடை குதிகாலில் விழுந்து, பின்கால் மறுபடியும் பெயருக்கு வரும் காலாகிவிடும். இழுத்தால் இடுப்பு இரண்டு பாதத்துக்கும் நடுவிலேயே நிற்கும். சைக்கிள் மிதிக்கும்போது ஒரு மிதியை மட்டும் யாரும் நினைப்பதில்லை; ஒன்று போக ஒன்று வருகிறது. அதே வட்டம்தான் இங்கேயும்.

இதற்கு உதவும் பயிற்சிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, ஒரே நீண்ட திருப்பத்துக்குள் ஐந்தாறு முறை கால் மாற்றிக்கொண்டே போவது. கால் மாறுவதும் பலகை திரும்புவதும் வேறு வேறு என்பதைக் கால் புரிந்துகொள்ளும், உறைந்து நிற்கும் பழக்கம் உடையும். இரண்டாவது இதற்கு நேர்மாறானது: கால் மாற்றவே மாற்றாமல், இடக்காலையே முன்னே வைத்து இரண்டு பக்கமும் திரும்புவது. ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் வினோதமாக இருக்கும். ஆனாலும் திரும்பும். திரும்ப வைப்பது விளிம்பே என்பதை இதைவிட நன்றாக விளக்கும் வீடியோவை நான் பார்க்கவில்லை. இரண்டையும் மிக எளிய சரிவான பச்சைப் பாதையில் மட்டும் செய்யுங்கள்.

திருப்பத்தின்போது வாய்விட்டு எண்ணுவதும் பலன் தரும். ஒன்று என்று தொடங்கி நான்கில் முழு நிலையை அடைய வேண்டும். ஒன்றிலேயே கால் போய்ச் சேர்ந்துவிட்டால் அவசரம். மூன்றுவரை அசையாவிட்டால் தாமதம்.

குப்புற விழுகிறேன்

குதிகால் பூட்டாத பலகையில் முன்னால் சாய்ந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. ஆல்பைன் பூட்ஸின் நாக்கில் கணைக்காலை அழுத்திப் பழகியவர்கள் அதையே இங்கே செய்து, வேகம் திடீரென்று குறையும் ஈரப்பனியில் கவிழ்கிறார்கள்.

விழுந்த வீடியோவை விழுந்த கணத்திலிருந்து பார்க்காதீர்கள், ஒரு நொடி பின்னே போய்ப் பாருங்கள். அங்கே பின்பலகை பனியிலிருந்து லேசாக எழும்பியிருக்கும், அல்லது அதன் வால் ஆடிக்கொண்டிருக்கும். டெலிமார்க் நிலை முன்னும் பின்னும் நீண்ட ஓர் அடித்தளம். ஏணியின் இரண்டு கால்போல. பின்கால் எடை தாங்கினால் பலகை திடீரென்று நின்றாலும் உடம்பு பின்னே ஒரு பிடி வைத்திருக்கும். இது நடைமுறையில் வேண்டுமென்றால் பனி மாறும் இடங்களை முன்கூட்டியே பாருங்கள். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் விளிம்பு, சறுக்குபவர்களை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டின் அடியில் மிதிபட்ட பகுதி. அங்கே நுழையும் முன் காலிடையைச் சற்று நீட்டி, எடையைப் பின்காலுக்குக் கொஞ்சம் கொடுங்கள். கைகள் கண்ணுக்குத் தெரியும்படி முன்னே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆல்பைன் பைண்டிங்போல விழும்போது கழன்றுகொள்ளும் வசதி பல டெலிமார்க் பைண்டிங்குகளில் இல்லை. கூடவே பின் முழங்கால் பனிக்கு மிக அருகே போகிறது, பனிக்கு அடியில் கல் இருக்கலாம். முழங்கால் கவசம் போடாமல் பழக வேண்டாம். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் வரவில்லை

எல்லோருக்கும் உண்டு. ஆனால் எந்தக் கால் பலவீனம் என்பதைப் பெரும்பாலானோர் மாற்றிக் கணிக்கிறார்கள். இடப்பக்கத் திருப்பம் வரவில்லை என்றால், முன்னே இருப்பது வலக்கால் என்பதால் வலக்காலைக் குறைசொல்லி அதற்கே பயிற்சி கொடுக்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் அந்தத் திருப்பத்தில் பின்னே இருக்கும் இடக்கால்தான் நுனிக்காலில் நிற்கும்.

நல்ல பக்கத்துத் திருப்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பி, கெட்ட பக்கத்துத் திருப்பத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அதுதான் உங்கள் பாடம். வேறு ஆசிரியரின் உடம்போடு ஒப்பிடுவதைவிட உங்கள் உடம்போடு ஒப்பிடுவது நேர்மையான அளவுகோல். வீட்டில் பல் துலக்கும்போது அந்தக் காலைப் பின்னே வைத்து, குதிகாலைச் சற்றே தூக்கி, எடையை முன்பாதத்தில் இறக்கி நில்லுங்கள். இரண்டு நிமிடம், காலையும் மாலையும். பனி இல்லாத மாதங்களிலும் செய்யலாம்.

கடினப் பனியில் பிடிப்பில்லை. உடம்பு மலைப்பக்கம் சாய்கிறது

கீழிருந்து எடுத்த வீடியோவில் தோள்களை இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு சரிவுக்கு இணையாக இருந்தால் நல்லது. மலைப்பக்கத் தோள் தாழ்ந்திருந்தால் உடம்பு உள்ளே விழுகிறது, வெளிப்பலகையிலிருந்து எடை போய்விடுகிறது, விளிம்பு வழுக்குகிறது.

பின்கால் பின்னே போகும்போது இடுப்பும் அந்தப் பக்கமாகத் திறந்துகொள்வது இயல்பு. இடப்பக்கத் திருப்பத்தில் இடக்கால் பின்னே, இடுப்பு இடப்பக்கம், அதாவது மலையை நோக்கித் திரும்பிவிடுகிறது, தோளும் பின்தொடர்கிறது. மார்பை மட்டும் கீழே திருப்ப முயன்றால் முதுகு முறுகும், வேறொன்றும் நடக்காது. பின்கால் பக்கத்து இடுப்பெலும்பை ஒரு கையகலம் முன்னே கொண்டுவாருங்கள். முழங்காலும் தோளும் அதைத் தொடர்ந்து சரியான இடத்துக்கு வந்துவிடும். கைக்கோல்கள் இரண்டையும் கிடையாக, தட்டு ஏந்துவதுபோல முன்னே பிடித்துச் சறுக்கினால் இடுப்பும் தோளும் எப்போது திருகிக்கொள்கின்றன என்பது கண்ணெதிரே தெரியும்.

பலகை முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன

பின் முழங்கால் முன்காலின் ஆடுசதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அதனால் பின்பலகை வளைவின் வெளிப்பக்கம் நோக்கித் திரும்புகிறது. பின் முழங்காலை வளைவின் உட்பக்கம் நோக்கிக் காட்டுங்கள். இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பெரும்பாலும் ஒரே நாளில் சரியாகிவிடும்.

ஆழப் பனியில் முன்பலகை மூழ்குகிறது

சீர்செய்த பாதையில் முன்காலில் கூடுதல் எடை வைத்து ஒப்பேற்றியவர்களை ஆழப் பனி உடனே காட்டிக்கொடுத்துவிடும். முன்பலகை புதைந்து நிற்கும், பின்பலகை மேலே மிதந்து எங்கோ போகும். எடையைச் சரிபாதியாக்குங்கள், காலிடையைக் குறுக்குங்கள், இரண்டு பலகையும் சேர்ந்து ஒரே நீண்ட பலகை என்று எண்ணிக்கொள்ளுங்கள். சீர்செய்த பாதையில் முன்பலகையைத் தூக்கும் சோதனையில் தேறாதவரை ஆழப் பனிக்குப் போக அவசரப்பட வேண்டாம்.

எல்லாம் செய்தும் பின்கால் அழுந்தவில்லை

அப்போது சாதனத்தைப் பாருங்கள். இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு வாரம் வாடகைப் பூட்ஸில் பழகினேன். அளவு ஒன்று பெரியது. குதிகால் எழும்பும்போது பூட்ஸ் மடியாமல், உள்ளே என் பாதம்தான் எழும்பியது. முன்பாதத்தின் எடை பூட்ஸுக்கே போய்ச் சேரவில்லை, பலகைக்கு எப்படிப் போகும்? வீடியோவில் மடிப்புகள் கடைசிவரை விரிந்தே இருந்தன. அந்த வாரம் முழுவதும் நான் என் காலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுக்கும்போது கடையிலேயே பூட்ஸை மாட்டி, குதிகாலைத் தூக்கி, மடிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் விரல்கள் மடங்கும் இடத்திலேயே பூட்ஸும் மடங்க வேண்டும்.

மடிப்புக்கு மேலுள்ள கொக்கியை இறுக்கிப் போட்டிருந்தாலும் இதே நிலைதான். அதைத் தளர்த்துங்கள், கணுக்காலைப் பிடிக்கும் கொக்கியை இறுக்குங்கள். பைண்டிங்கின் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் குதிகால் எதிர்ப்பே இல்லாமல் உயரும், பலகையின் முனை தொங்கும். மிக விறைப்பாக இருந்தால் காலை மடக்கவே விடாது. ஒவ்வொரு சுற்றாகத் திருகிப் பார்த்து, இடையில் ஒரு முறை சறுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பைண்டிங் வகையும் வித்தியாசம் செய்யும். ப்ரூர் வித் 1927இல் உருவாக்கிய ரோட்டெஃபெல்லா, அதாவது எலிப்பொறி என்ற பெயருள்ள பைண்டிங்கின் வழிவந்த 75 மில்லிமீட்டர் முறையில், பூட்ஸின் முன்னே நீளும் வாத்தலகு போன்ற பகுதிதான் பிடிபடுகிறது. 2007இல் வந்த என்டிஎன் (நியூ டெலிமார்க் நார்ம்) முறை பாதத்தின் நடுப்பகுதிக்கு அடியிலும் பிடிக்கிறது. பின்பலகையின் விளிம்பைக் கட்டுப்படுத்துவது அதில் எளிது. தொடங்குபவர்களுக்கு நான் என்டிஎன் என்றே சொல்வேன். பழைய முறையில் பழகியவர்களின் பாதத்துக்கு வரும் நுண்ணுணர்வு தனி. ஆனால் அதற்கு அதிக நாள் பிடிக்கும்.

வீடியோவில் பிழை எதுவும் கண்ணில் படவில்லை, ஆனாலும் ஏதோ சரியில்லை

படத்தை விட்டுவிட்டு ஒலியைக் கேளுங்கள். காலை நேரக் கடினப் பனியில், மெதுவோட்டம் இல்லாமல், பக்கத்தில் நின்று எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும். திரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரே திருப்பத்தை நாலைந்து முறை ஓட்டுங்கள். இரண்டு விளிம்பும் பிடித்திருந்தால் துணி கிழிவதுபோல் தொடர்ச்சியான ஒரே ஓசை கேட்கும். பின்பலகை சும்மா வந்தால் அந்த ஓசைக்கு அடியில் ஒரு படபடப்பு கேட்கும், மூடாத ஜன்னல் கதவு காற்றில் அடிப்பதுபோல. எந்த நொடியில் அது தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, திரையைத் திருப்பி, அந்த நொடியில் பின் பூட்ஸின் மடிப்பைப் பாருங்கள்.